பட்டப்பகலில் சாத்திய கதவு

கடல் தாண்டிப் போன பெண்டாட்டிக்கு யோசனை சொல்வதென்றால் அழகுபாண்டிக்கு அலுக்கவே அலுக்காது. இத்தனைக்கும் அவன் திருப்பரங்குன்றத்தை விட்டு வேறெங்கும் குடியிருந்தவனில்லை. காளவாசலில் பைக் மெக்கானிக் கடை, மத்தியானம் வீட்டுச் சோறு, அவ்வளவுதான் அவன் உலகம். அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனவள் அவன் பெண்டாட்டி தாமரைச்செல்வி. நாலு வயது மகள் பவதாரிணியும் அவளோடு போய்விட்டாள். இவனுடைய விசாவை மட்டும் ஏதோ காகிதம் போதாதென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே இவன் செல்போனிலேயே குடும்பம் நடத்தினான். சாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது, எல்லாவற்றுக்கும் இங்கிருந்தே உத்தரவு.

அவளும் சொன்னதையெல்லாம் செய்தாள். ஒருநாள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

"வேலையில எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க மாமா. வீட்டுக்கு வந்துட்டா ஒரு மனுச மக்க எட்டிப் பாக்கல. இம்புட்டு நாளாச்சு, பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னுகூடத் தெரியல. பாப்பா பொம்மைகூடப் பேசிக்கிட்டுத் திரியுறா. பேசாம அங்கிட்டே வந்துரவா?"

அவள் வந்துவிட்டால் படித்த படிப்பும் பட்ட பாடும் வீண். ஆனால் 'வந்துரு' என்று சொல்லத்தான் அவனுக்கும் ஆசை. அதை விழுங்கிவிட்டுக் கேட்டான்.

"வாசக்கதவத் தொறந்து வைக்கிறியா?"

"சாத்தித்தான் வைக்கிறேன். குளுருதுல்ல."

"அதான் சங்கதி! சாத்துன வீட்டுக்குள்ள எவன் வருவான்? லீவு நாள்ல நல்லாத் தொறந்து போடு. ஒரு ஆளு படி தாண்டி உள்ள வந்துட்டா, அப்புறம் தெருவே வரும் பாரு."

அவன் சொன்னதில் தப்பில்லை, அவன் தெருவைப் பொறுத்தவரை. அங்கே விடிந்ததும் திறக்கிற கதவைப் படுக்கப் போகும்போதுதான் சாத்துவார்கள். எதிர்வீட்டு முத்துத்தாய் கறிவேப்பிலை கேட்டு உள்ளே வருவாள், வந்தவள் விசா என்னாயிற்று என்று விசாரிக்காமல் போகமாட்டாள். பட்டப்பகலில் ஒரு வீடு சாத்திக் கிடந்தால் ஆட்கள் ஊரில் இல்லை, இல்லாவிட்டால் உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த விடுமுறை நாளில் தாமரைச்செல்வி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்தாள். வாசல் தெரியும்படி போனையும் சாய்த்து வைத்தாள். அங்கே காலை, இங்கே மத்தியானம். அழகுபாண்டி சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அந்த வாசலையே பார்த்தான். ஈரத் தெரு, இரண்டு கார், ஒரு நாய், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர். கிழவர் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதற்கடுத்த விடுமுறையில் ஒரு பெண் படியேறி, திறந்த கதவை லேசாகத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். அழகுபாண்டி துள்ளிவிட்டான்.

"வந்துட்டாங்க! உக்காரச் சொல்லு செல்வி. டீயப் போடு!"

வந்தவள் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் சீருடை தெரிந்தது. போலீஸ். அவள் உட்காரவில்லை. சிரித்த முகத்தோடு ஏதோ விசாரித்தாள், குழந்தையிடம் குனிந்து பேசினாள், டீ வேண்டாமென்று கையசைத்தாள். போகும்போது கதவைப் பதவிசாகச் சாத்திவிட்டுப் போனாள்.

தாமரைச்செல்வி போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கம்பக்கத்துல யாரோ போன் போட்டுச் சொல்லிருக்காங்க மாமா. கதவு தொறந்தே கெடக்கு, உள்ள இருக்கவங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு."

"அத அவங்களே வந்து கேட்டா என்னவாம்?"

பவதாரிணி குறுக்கே தலையை நீட்டினாள்.

"அப்பா, அந்த போலீஸ் ஆன்ட்டி நாளைக்கும் வருவாங்களா?"

அழகுபாண்டிக்குத் தன் யோசனையை நினைத்து வெட்கமாக இருந்தது. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. தெருவே பார்க்க ஒரு ஆம்பளை எப்படி அழுவது? எழுந்துபோய், வாழ்க்கையில் முதல் தடவையாக, பட்டப்பகலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் போனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அவன் சாத்திய கதவு தடதடவென்று அதிர்ந்தது. முத்துத்தாயைத் தவிர யார் இப்படித் தட்டுவார்கள்? அழகுபாண்டி அசையவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் போனில் தாமரைச்செல்வியின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"இருங்க மாமா, யாரோ வந்துருக்காங்க!"

எழுந்து ஓடிப்போய்த் தன் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே அதே ஈரத் தெருதான் கிடந்தது.

"ஏய்யா அழகு, கதவத் தெற! உள்ள என்னய்யா ஆச்சு?" என்று இங்கே தெருவே கூடி நின்று கத்திக்கொண்டிருந்தது. அங்கே அவள் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தாள்.