வெர்லின் கிரிஸ்ப்பின் தலையசைப்பு

வெர்லின் கிரிஸ்ப் இருபத்து மூன்று கோடைகளாகச் செத்துக்கொண்டிருந்தார். பகலில் மாவட்டத்துப் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றுவார். ஜூன் பிறந்தால், ஞாயிறு தவிர எல்லா நாளும், அமெரிக்காவின் கரோலினா மலையடிவாரத்தில் எங்கள் திறந்தவெளி நாடக அரங்கில் கோட்டைக் காவல்காரர். ராஜாவின் சிப்பாய் சுட, கோபுரத்திலிருந்து பதினாறடி கீழே மல்லாக்க விழுவார். மதிலுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள், அவற்றின் மேல் மெத்தை. முன்வரிசையில் யாராவது "ஐயோ" என்பார்கள். குளிர்காலம் முழுக்க அந்த ஒரு சத்தத்தை நினைத்துத்தான் அவர் ஓட்டுவார்.

நாடகம் எட்டரைக்கு. வெயில் தாழுமுன், ஆறு மணிக்கே, சண்டை ஒத்திகை. நேற்றுதானே செய்தோம் என்ற பேச்சே கிடையாது. சுடுகிறவனும் சாகிறவனும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்காமல் துப்பாக்கி உயராது. எவருக்கு எது தப்பாகப் பட்டாலும் "நில்லு" என்று கத்தலாம். குதிரை உட்பட எல்லாம் நின்றுவிடும். அப்படிக் கத்தியவரைக் கேலி செய்யக்கூடாது. வெர்லின் செய்வார்.

"கொசு கடிச்சாக்கூட நில்லுங்கிறானுவ. இத்தனை வருசத்துல நான் ஒரு தடவ சொல்லியிருப்பேனா?"

அந்த ஜூலையில் அவருடைய இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துபோகும், சுற்றியிருப்பது தெரியும். இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் இருந்தேன். காரில் அழைத்துப்போனவன் நான்தான்.

"நதீன் காதுக்குப் போச்சுன்னா, உன் லைட் வயரெல்லாம் ஒண்ணுவிடாம அறுத்துருவேன்" என்றார் வெர்லின்.

நதீன் சண்டைகளுக்குப் பொறுப்பாளர். விழலாமா கூடாதா என்பது அவள் சொல்வதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் விளக்கு மேசையில் உட்கார்ந்து அவர் விழுந்து முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் காதால் சமாளித்தார். சுட வருகிறவனின் காலடி சரளைக்கல்லில் மூன்று முறை கேட்கும், பிறகு ஒரு நிற்பு. உடனே தலையசைப்பார்.

அந்த வியாழக்கிழமை ஒத்திகையில் சரளைக்கல்லில் மூன்று காலடி கேட்டது. வெர்லின் தலையசைத்தார். வந்து நின்றது சுடுகிற கோல்பி இல்லை. அவன் இன்னும் வாசலில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நின்றவள் வேகவைத்த கடலை தின்றபடி குறுக்கே போன உடை தைக்கும் பெண்.

"என்ன வெர்லின், எனக்கா சலாம்? உங்க வீட்டம்மாகிட்ட சொல்லட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நதீன் சிரிக்கவில்லை. எழுந்து வந்த கோல்பியைக் கைநீட்டித் தடுத்தாள்.

"இன்னொரு தடவ, வெர்லின். முழு வேகத்துல."

இந்த முறை அவளே நடந்தாள். மூன்று அடி. நின்றாள். நின்று, கோபுரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் தலையசைத்தால் அடுத்த நொடி விழுவார். குதிகால்கள் விளிம்பைத் தாண்டி நின்றன. 'நில்லு' என் தொண்டைவரை வந்து நின்றது.

"கோல்பி, அங்க இருக்கியாடா?"

யாரும் பதில் சொல்லக்கூடாது என்று நதீன் உதட்டில் விரலை வைத்தாள். அவர் கழுத்தைச் சற்றுச் சாய்த்தார், கோழி பார்ப்பதுபோல. பிறகு மறுபக்கம். அவர் கை பக்கவாட்டில் போய்க் கோபுரத்தின் கைப்பிடிக் கம்பைத் தேடியது. கிடைத்தது.

"நில்லு" என்றார்.

ஏற்கெனவே எல்லாம் நின்றிருந்தது.

ஏணிப்படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தொட்டு இறங்கி வந்தார்.

"முதுகக் காட்டிக்கிட்டுதான நின்ன?"

"ஆமா."

"மூஞ்சியக் காட்டியிருந்தாலும் ஒண்ணுதான், நதீன்."

அவள் அவருடைய காவல்காரத் தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

அன்று இரவு நாடகத்தில் கோல்பி ஆளில்லாத கோபுரத்தைச் சுட்டான். முன்வரிசையில் சத்தமே இல்லை. வெர்லின் கோட்டை வாசலில் தண்ணீர் வாளியோடு குடியானவராக நின்றார். வெடி வெடித்ததும் அவர் முழங்கால்கள் தாமாக மடங்கின. வாளி தளும்பிக் கால் நனைந்தது.