கற்பூரத்தில் வைத்த கை

நானெல்லாம் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொல்கிற ஆள். இதற்கு முன்னால் நானாக எழுதியது ஒரே ஒரு மனு. அதில் என் பெயர் இல்லை. இதிலும் யார் பெயரும் இல்லை. அன்றைக்குப் பயத்தில் பெயரை விட்டேன். இன்றைக்கு விடுவதற்குக் காரணம் வேறு. பெயரைச் சொன்னால், ஓ, அந்த அம்மாவா என்று நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் ஒரு அரசு மாணவியர் விடுதியில் நான் சமையல் செய்கிறேன். புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லப்போவதில்லை. என் வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போனால் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் வருவார். அதனால் விடுதிதான் எனக்கு வீடு மாதிரி. அறுபது பிள்ளைகள். என்னோடு ஒரு உதவியாள். அவள் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி, கிறிஸ்தவள், புருஷனை இழந்தவள், ஒரு மகளைப் படிக்கவைக்கிறாள். தினக்கூலிதான், வேலைக்கு உத்தரவுத் தாள் எதுவும் கிடையாது. இவர்களோடு ஒரு வாட்ச்மேன். இவ்வளவுதான் நாங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் புது வார்டன் அம்மா வந்தார். அவரைப் பற்றி ஒரு நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை சுத்தம். அரிசியில் கை வைக்கமாட்டார், காய்கறிக்காரரிடம் ஒரு ரூபாய் கமிஷன் வாங்கமாட்டார். முன்பு இருந்தவர் வாங்குவார். ஆனால் வாங்குகிறவருக்கு ஒரு பயம் இருக்கும். குழம்பு நீர்த்துப்போச்சு என்று பிள்ளைகள் முணுமுணுத்தால் மறுநாளே பருப்பு கூடும். புது வார்டனுக்கு அந்தப் பயம் இல்லை. தான் செய்வதெல்லாம் சாமி செய்யச் சொன்னது என்று அவர் நிஜமாகவே நம்பினார். அப்படிப்பட்டவரிடம் யார் போய் என்ன சொல்வது?

முதலில் வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகைக்கு முட்டையை நிறுத்தினார். முட்டை ஏற்றிய லாரிகள் எங்கள் கேட் வழியாகத்தான் வரிசையாகப் போகின்றன. எங்கேயோ இருக்கிற பிள்ளைகள் தின்ன முட்டை போகிறது, இங்கே இருக்கிற பிள்ளை தின்றால் தீட்டு. பிறகு படிக்கிற அறையைப் பூஜை அறை ஆக்கினார். புத்தக அலமாரி வராண்டாவுக்குப் போனது, மழையில் நனைந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் காலண்டர்.

சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஒரு மாதக் காலண்டரை மாட்டினார். தூரமாகிற பிள்ளை அன்றைக்குக் காலையில் போய்த் தன் வரிசை எண்ணை எழுதிச் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். மூன்று நாளும் அவள் உள்ளே வரக்கூடாது. தனித் தட்டு, வராண்டாவில் சாப்பாடு. வராண்டாவுக்கு நேரே பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நிற்கிற ஆண்களெல்லாம் பார்ப்பார்கள். இன்னிக்கு யாரு வெளிய, என்று ஒருத்தன் சத்தமாகக் கேட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் அந்த மூன்று நாளும் சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனார்கள். எனக்கும் சாமி உண்டு. எங்கள் குலதெய்வத்துக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைக்கிறேன். என் வீட்டில் நானும் தூரம் பார்த்தவள்தான். ஆனால் அதை அரசாங்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். ஒல்லி. ரத்தம் போதாது என்று நர்ஸ் மாத்திரை கொடுத்திருந்தார். நாள் தள்ளிப்போய்ப் பன்னிரண்டு நாளாகியும் அவள் எண்ணுக்குப் புள்ளி விழவில்லை. வார்டன் அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்டார். உடம்பு சரியில்லைங்க மேடம் என்றாள். நர்ஸைக் கேளுங்கள் என்று நானாவது சொல்லியிருக்கலாம். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வார்டன் அவள் அப்பாவுக்குப் போன் செய்தார். அவர் மத்தியானம் வண்டியில் வந்தார். தலையைத் தூக்கவே இல்லை. பிள்ளை தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. அதை வாங்க ஆள் வரவில்லை.

அந்த வாரம்தான் மனு எழுதினேன். கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். முட்டை, படிக்கிற அறை, காலண்டர், அந்தப் பிள்ளை. கலெக்டர் ஆபீஸ் முகவரி போட்டேன். இங்கே தபாலில் போட்டால் முத்திரையில் ஊர் தெரிந்துவிடுமே என்று ஒரு தந்திரம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு ஊருக்குப் போன உதவியாளிடம் கவரைக் கொடுத்து சேலத்தில் போடச் சொன்னேன். அவள் முகவரியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போட்டுவிட்டு வந்தாள்.

மனு மேலே போயிற்று. மேலேயிருந்து ஒவ்வொரு மேசையாகக் கீழே இறங்கியது. ஒவ்வொரு மேசையிலும் உரிய நடவடிக்கைக்கு என்று ஒரு கையெழுத்து. கடைசியில் யார் மேல் எழுதினேனோ அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது. விசாரிக்க ஒரு அதிகாரியும் வந்தார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அதிகாரி வந்ததும் காலண்டரைப் பார்ப்பார், பிள்ளைகளைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பூஜை அறைக்குப் போனார். திருநீறு பூசிக்கொண்டார். எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். பித்தளைத் தட்டில் பெரிய கட்டிக் கற்பூரம் எரிந்தது. நான் எழுதவில்லை என்று சொல்லி அதை அடித்து அணைக்க வேண்டும் என்றார் வார்டன். கோயிலில் வரப்புத் தகராறுக்குச் செய்வதை அரசாங்க விசாரணையில் செய்யச் சொன்னார். மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு அந்த அதிகாரி தலையாட்டினார். சத்தியத்துக்கு மேல் என்ன விசாரணை இருக்கிறது என்று எங்களுக்கே எடுத்துச் சொன்னார். அவர் சம்பளம் வாங்குவது எதற்கு என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

வாட்ச்மேன் முதலில் போனார்.

"எனக்கு எழுதவே வராதுங்க சார். கைநாட்டுக்காரனுக்கு எதுக்குங்க கற்பூரம்?"

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ஆனாலும் அடிக்க வைத்தார்கள். மறுபடி ஏற்றினார்கள்.

அடுத்தது நான். எழுதலீங்க என்று சொன்னேன். கையால் ஓங்கி அடித்தேன். சூடு தெரிந்தது, அவ்வளவுதான். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தைத் தவிர அந்த நிமிடத்தில் எனக்குள் வேறு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகூட இல்லை.

உதவியாள் தட்டின் பக்கமே போகவில்லை.

"நா எழுதலைங்க சார். கேட்டீங்க, சொல்லிட்டேன். கற்பூரத்துல கை வெக்க மாட்டேங்க."

"எழுதலேன்னா வெக்கிறதுக்கு என்ன?" என்றார் வார்டன்.

"எங்களுக்கு அந்த வழக்கம் இல்லைங்க மேடம். என் பேச்சு ஒண்ணுதாங்க இருக்கு."

அதிகாரி கவரைத் திருப்பிப் பார்த்தார். சேலம் முத்திரை. அவள் ஊர் எது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவரும் வார்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரணை முடிந்தது. மனுவில் எழுதியிருந்த ஒரு விஷயத்தையும் யாரும் கேட்கவில்லை. இரண்டு எட்டு எடுத்து வைத்திருந்தால் காலண்டர் தெரிந்திருக்கும். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். யார் தபாலில் போடச் சொன்னது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரை அவளோடு போனேன். துணிப் பை ஒன்று, டிபன் கேரியர் ஒன்று. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டுகிற மாதம் அது. வேறு இடத்தில் சொல்லி வைக்கிறேன் என்று ஏதோ உளறினேன். அவள் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கொப்புளங்கூட வரலியேக்கா. உங்க சாமி ரொம்ப நல்ல சாமி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் அங்கிருந்து நேராக வார்டன் அறைக்குப் போனேன். அவர் வந்ததிலிருந்து கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"மேடம், அத எழுதுனது நானுங்க. அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. தபால்ல போடச் சொன்னதும் நாந்தானுங்க."

அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"அவ மேல உனக்குப் பாசம், தெரியும். அதுக்காகப் பழிய நீ ஏத்துக்குவியா? சாமி முன்னாடி கற்பூரம் அடிச்சிருக்கியேம்மா."

"அது பொய்ச் சத்தியமுங்க."

"பொய்யா இருந்தா அந்தக் கை சும்மா இருக்குமா? காட்டு."

காட்டினேன். ஒன்றும் இல்லை. மளிகைக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டுகள் அவர் மேசையிலேயே கிடந்தன. மனுவையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தைப் பாருங்கள் என்றேன். அவர் பார்க்கமாட்டேன் என்றார். அதற்கு அவசியம் இல்லையாம். சாமி சொன்ன பிறகு எழுத்தைப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவதாம்.

எனக்கு அங்கேதான் புரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவளையே நம்பாத இடத்தில் யாருக்கு நியாயம் கிடைக்கும்? நான் சொன்ன பொய்யை சாமி ஒப்புக்கொண்டுவிட்டதாம். நான் சொல்கிற உண்மை அதற்கு மேல் செல்லாதாம். அதிகாரிக்குப் போன் செய்யுங்கள் என்று கெஞ்சினேன். செய்தார். ஃபைலை முடித்துவிட்டேன், அந்த அம்மாவைப் போய் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அதிகாரி சொன்னது எனக்கே கேட்டது. கிளம்பும்போது வார்டன் என் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார். உன்னை மாதிரி நல்ல மனசு எல்லாருக்கும் வராது என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. முட்டை கிடையாது. ஆள் இல்லாததால் அறுபது பேருக்கும் நானே காய் நறுக்கி, நானே பாத்திரம் கழுவினேன். காலண்டரில் இரண்டு புள்ளி விழுந்தது. வராண்டாவில் இரண்டு தட்டு வைத்தேன்.