அருளின் கண்களுக்கு ஒரு மெழுகுதிரி

மாதாவை நம்பும் சகோதரங்களே, வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன். நான் முதலில் கேட்டது உதவி அல்ல, சாபம்.

சிசிலியின் பாலெர்மோவில் நாங்கள் கொண்டாடும் மடு மாதா திருநாளில் பன்னிரண்டு வருடம் மாதாவின் சுரூபம் தூக்கியவன் நான். தூக்கும் கம்புகளில் வலப்பக்க முன்கம்பு என்னுடையது. என் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அடுத்த வருடம், திருநாள் கூட்டத்தில் அருள் எழும்பினான். நகரின் சீசா பகுதியில் எனக்கு மேல்மாடியில் இருப்பவன். மன்னாரில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"சேவியருக்கு நெஞ்சு சரியில்லை. மாதாவை நடு றோட்டிலை போட்டு உடைச்சுப்போடுவான். அந்த இடத்திலை நான் பிடிக்கிறன்."

கம்பு அவன் தோளுக்குப் போனது.

அந்தக் கிழமையே போர்கோ வெக்கியோ பகுதியில் உள்ள கோயிலுக்குப் போய், புனித லூசியாவின் படத்துக்கு முன் மெழுகுதிரி கொளுத்தினேன். கண் வருத்தக்காரர் போய்க் கும்பிடுகிற புனிதை அவர். நான் கேட்டது வேறு. "தாயே, அருளின்ரை கண் அவிஞ்சு போகவேணும்." பக்கத்தில் நின்ற சிசிலிக்காரி எனக்குத்தான் கண் வருத்தம் என்று நினைத்து என் கையைத் தடவிவிட்டாள்.

பிறகு யோசித்தேன். கண் அவிய முன்னர் என் நெஞ்சின் பலத்தை அவன் பார்க்கவேண்டும். சைக்கிள் ஓடலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு வருடம் பழகினேன். கோடை லீவில் டென்மார்க்கில் தொடங்கி, சுவீடன் வழியாக, நோர்வேயின் த்ரொண்ட்ஹைம் பேராலயம் வரை தனியே போகப் புறப்பட்டேன். ஒவ்வொரு காலையும் எங்கள் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் லைவ் லொகேஷன் போட்டேன். அருள் பார்த்து எரியவேண்டும். மேடு ஏறும்போது செபமாலை சொன்னேன். ஒவ்வொரு மணிக்கும் அவன் முகம்தான் வந்தது.

பதினெட்டாம் நாள் நோர்வே மலைப்பாதையில் நல்ல மழை. இறக்கத்தில் சில்லு வழுக்கிப் பள்ளத்துக்குள் விழுந்தேன். கால் முறிந்தது. சைக்கிளும் பையும் மேலே, போன் பைக்குள். ஒரு வாகனமும் இல்லை. உடம்பு விறைக்கத் தொடங்கியது. போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. என்னால் கிடந்த இடத்தை விட்டு அரக்கக்கூட முடியவில்லை. செத்துப்போவேன் என்று அழுதேன். "மாதாவே, ஆரையாவது அனுப்பு. ஆராயிருந்தாலும் பரவாயில்லை" என்று கத்தினேன். அந்தக் கடைசி வசனத்தை யோசித்துச் சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டு மணித்தியாலம் கழிந்திருக்கும். கார்க் கதவுச் சத்தம். மேலிருந்து ஒரு தமிழ்க்குரல்.

"அண்ணை, பாலெர்மோவிலையிருந்து வந்த ஆளோ?"

"ஓம், தம்பி."

"அருள் அத்தான் எடுத்தவர். போன் மப்பிலை உங்கடை புள்ளி அசையேல்லையாம். ஓடிப்போய்ப் பார் எண்டு ஒரே கரைச்சல்."

அருளின் மனைவியின் தம்பி அவன், நோர்வேயில் அந்தப் பக்கத்திலேயே குடியிருப்பவன். ஆஸ்பத்திரியிலிருந்து அருளுக்கு எடுத்தேன்.

"ஏன்டா என்னைப் பாத்துக்கொண்டிருந்தனி?"

"நீ களவாய் ரயில் ஏறுவாய், பிடிச்சுக் குழுவிலை போடுவம் எண்டு பதினெட்டு நாளும் கண்வெட்டாமல் பாத்தனான்," என்றான். பிறகு குரல் இறங்கியது. "புள்ளி நிண்டிட்டுது. நீ போனும் எடுக்கேல்லை. செத்துப்போனியோ எண்டு உடனை மச்சானைக் கலைச்சுவிட்டனான்."

நான் அவியச் சொன்ன கண்கள்தான் என்னைக் கண்டுபிடித்தன. இரண்டு நாள் மாதாவோடு நான் கதைக்கவில்லை. அனுப்ப வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவ்வளவு கோபம். மூன்றாம் நாள்தான் நன்றி சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு வெடித்து அழுதேன்.

கால் பொருந்திவிட்டது. கம்பு இன்னும் அருளின் தோளில்தான். அதை மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருக்கும் கேடு கேட்பதை விட்டுவிட்டேன். சகோதரங்களே, உங்கள் மனதில் நஞ்சு இருந்தாலும் போய்க் கேளுங்கள். மனம் சுத்தமாகட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அந்த நஞ்சுக்குள்ளாலும் மாதா வழி எடுப்பார்.

இப்போது அருளின் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. என் வாயால்தான் வந்ததோ என்று பயம். ஒவ்வொரு சனியும் லூசியாவிடம் போய் அவனுடைய கண்ணுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறேன். வருகிற கோடையில், விழுந்த இடத்திலிருந்து திரும்பத் தொடங்கப்போகிறேன். நான் பேராலயத்துக்குப் போய்ச் சேருவதை அவன் தன் இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும்.