அப்பாவைத் தெரிந்த பூனை

பாயில் தூங்கிக்கொண்டிருந்த தங்கையின் கால்விரலை எலி கடித்துவிட்டது. சின்னக் கடிதான். ஆனால் வீட்டுக்கு ஒரு பூனை வந்தாக வேண்டும் என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அப்போது நாங்கள் மர்பி டவுனில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். வெள்ளைக்காரப் பட்டாளம் பெங்களூரைக் காலி செய்துகொண்டு போன சமயம். துரைமார்கள் நாற்காலி, கட்டில், பியானோ எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார்கள். பூனைகளை ஏலம் எடுக்க ஆளில்லை. அவை பூட்டிய பங்களாக்களைச் சுற்றிக்கொண்டு கத்தின. ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட ஒரு வயதான துரைசானி அவற்றைத் தேடித் தேடி எடுத்து வந்து, அல்சூர் ஏரிக்கு அப்பால் தன் பங்களாவின் பழைய குதிரை லாயத்தில் வைத்துச் சோறு போட்டாள். கேட்டு வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தாள்.

சும்மா கொடுத்ததுதான் எங்கள் தெருவுக்குப் பிடிக்கவில்லை. பூனையைச் சும்மா கொடுக்கிறவள் வேறு எதையோ வாங்காமல் விடமாட்டாள் என்றார்கள். கொடுத்த வீட்டுக்குத் திடீரென்று வந்து அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்ப்பாள் என்றும் சொன்னார்கள்.

அப்பா ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பேரராக இருந்தார். மேஜையில் பரிமாறுகிற வேலை. விடியும் முன்பே பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். துரைமார்கள் எல்லாரும் போய்விட்டால் வேலை என்னவாகும் என்று அம்மா கேட்டதற்கு, “அவங்க போனா நம்ம துரைங்க வருவாங்க. அவங்க மட்டும் துன்னாம இருப்பாங்களா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அம்மா நம்பினாளா, தெரியாது. அந்தக் கோட்டைத் துவைக்கிறவள் அவள்தான். முன்பெல்லாம் கையோரத்தில் குழம்புக் கறை இருக்கும். தேய்த்துத் தேய்த்து அவள் விரல் கன்றிப்போகும். இப்போது சில வாரங்களாகக் கறையே வருவதில்லை. பின்பக்கம் மட்டும், எங்கேயோ தரையில் உட்கார்ந்து எழுந்ததுபோலச் செம்மண். மெஸ்ஸிலிருந்து டப்பாவில் வரும் மிச்சப் புட்டிங்கும் நின்றுபோயிருந்தது.

இதை அம்மா பெரியம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. பெரியம்மா கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆம்பளை துணி இவ்ளோ சுத்தமா வருதுன்னா, வேற எவளோ தோய்ச்சு அனுப்பறான்னு அர்த்தம்டி” என்றாள். நான் கோலி உருட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அன்று முதல் நானும் அப்பாவை உளவு பார்க்க ஆரம்பித்தேன். அவர் தூங்கும்போது கோட்டை மோந்துகூடப் பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது. அதுவே எனக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது.

துரைசானி பங்களாவுக்குப் போகலாம் என்றதும் அப்பா நெளிந்தார்.

“அங்க இன்னாத்துக்குப் போவணும்? மார்க்கெட்டாண்ட சொல்லி வச்சா ஒரு குட்டி கெடைக்காதா?”

“குட்டி வளந்து எலி புடிக்கறதுக்குள்ள எலி நம்மள புடிச்சிரும். உன் மெஸ்ஸு இருக்கற பக்கம்தானே, நீ ஏன்யா நெளியற?”

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கிளம்பினோம்.

துரைசானி வாசலிலேயே எங்களை நிறுத்தினாள். தடித்த கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தாள். எங்கள் தெரு அவளைச் சந்தேகப்பட்டதைவிட அவள் எங்களை அதிகமாகச் சந்தேகப்பட்டாள்.

“பூனை எதுக்குக் கேக்குது? கறி பண்றதுக்கா?”

“அய்யே!” என்றாள் அம்மா. தங்கையின் காலைத் துரைசானியின் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். துரைசானி அந்த விரலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

குதிரை லாயத்தில் திரும்பின பக்கமெல்லாம் பூனை. அம்மா மீன் வாங்குகிற மாதிரிதான் பொறுக்கினாள். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், பாதத்தை அழுத்தி நகத்தைப் பார்த்தாள். முந்தானை நுனியைத் தரையில் சரசரவென்று இழுத்துக் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை. ரொட்டியும் வெண்ணெயும் தின்று வளர்ந்தவை. எலியைப் பார்த்தால் குட்மார்னிங் சொல்லும் போலிருந்தன.

அப்பா உள்ளே வரவேயில்லை. கதவுக்கு வெளியே எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

உத்தரத்தின் மேல் ஒரு பழுப்பு நிற வரிப்பூனை தனியாக உட்கார்ந்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. அம்மா கையை நீட்டியதும் சீறியது. பிறகு எதையோ கேட்டதுபோலத் தலையைத் திருப்பி, தொப்பென்று குதித்து, எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து நேராக அப்பாவிடம் ஓடியது. அவர் காலைச் சுற்றிச் சுற்றி உரசியது. பின்னங்காலில் எழும்பி நின்று, அவருடைய கால்சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது. எந்தப் பை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

“பார், பார்!” என்று துரைசானி கைதட்டினாள். “மெஸ் பூனை இது. மெஸ்ஸைப் பூட்டிட்டு எல்லாரும் போன அன்னிக்கு வந்தது. ஒரு மாசமா யார்கிட்டேயும் போகலை. என்னையே கடிச்சது. உன்கிட்டே மட்டும் எப்படி வருது?”

“கருவாட்டு வாசனைக்கு வந்திருக்கும்மா” என்றார் அப்பா.

“எந்த மெஸ்ஸும்மா?” என்று அம்மா கேட்டாள்.

துரைசானி கைத்தடியை நீட்டினாள். “அதோ, பெரிய ஆலமரம் தெரியுதே, அதுக்குக் கீழே.”

அம்மா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கோ எல்லாம் புரிந்துவிட்டது. பெரியம்மா சொன்னது சரிதான். அப்பாவுக்கு வேறு வீடு இருக்கிறது, இது அந்த வீட்டுப் பூனை, அப்பாவின் துணியைத் துவைக்கிறவள் இங்கேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள். சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு கிழவன் பானை கழுவிக்கொண்டிருந்தான்.

அம்மா இப்போது கத்தப்போகிறாள் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் கத்தினால் மர்பி டவுன் முழுக்கக் கேட்கும். ஆனால் அவள் ரொம்ப மெதுவாக, “இதையே குடுங்கம்மா” என்றாள்.

துரைசானி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “இது வேற யார்கிட்டேயும் தங்காது. ஓடிப் போயிடும். இந்த ஆள் பகல்லே வீட்லே இருக்கும்னா கொண்டு போ. இல்லைன்னா வேற பாரு.”

“இல்லம்மா, எனக்கு டூட்டி...” என்று அப்பா அவசரமாக ஆரம்பித்தார்.

“இருப்பாரு” என்றாள் அம்மா. தங்கையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை. “பகல்ல வூட்லதான் இருப்பாரு. நாளைலருந்து எங்கயும் போவ மாட்டாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா எங்கே பகலில் வீட்டில் இருக்கிறார்? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் கை என் தலைமேல் வந்து அழுத்தியது.

அப்பா குனிந்து பூனையைத் தூக்கி, அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எத்தனை பிரியம் பார் என்று துரைசானிக்குச் சந்தோஷம்.

வீடு வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு கண்டிப்பான துரைசானியை என் அம்மா ஒரே பொய்யில் ஏமாற்றிவிட்டாளே! அப்பாவும் சிரிப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். பூனையை மார்போடு அணைத்தபடி அம்மாவுக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தார். கண் சிவந்து ஈரமாக இருந்தது.

பூனை கீறிவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் முகத்தையும் கையையும் வழியெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.