என் மகளைச் சாவுக் கணக்கில் எழுதியவர்

சர்வே எடுக்க வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எழுபதுகளில் ஆம்பூரில், தோல் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அங்கே ஒருநாள் வந்தவர் ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா. தடித்த கண்ணாடி போட்டிருந்தார். பேசும்போதெல்லாம் அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். நகராட்சியின் பிறப்புப் பதிவையும் இறப்புப் பதிவையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் தெருவில் குழந்தைகள் அதிகம் சாகின்றன என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

"போன வருஷம் உங்க பொண்ணு தவறிடுச்சே, என்ன உடம்புக்கு?" என்று தயங்கிக் கேட்டார்.

"இன்னாம்மா பேசறே? உள்ள கூழு குடிச்சிட்டிருக்கா!" என்று கத்தினேன்.

அதே தெருவில் என் பேரிலேயே இன்னொருவர் இருந்தார். இருவருக்கும் ஒரே மாதத்தில் பெண் பிறந்தது. எங்கள் பக்கம் பேர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். இரண்டும் வெறும் 'பெண் குழந்தை'. அவர் குழந்தையின் சாவை இந்த அம்மா என் மகள் கணக்கில் சேர்த்துவிட்டார்.

சத்தம் கேட்டு மகள் வாயெல்லாம் கூழோடு வந்தாள். டாக்டரம்மா அவளை வாரித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"என் கணக்கு தப்புங்க! சுத்தத் தப்பு!" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சிரித்தார்.

"எறக்கி வுடும்மா, பொடவ பாழாவுது" என்றாள் என் மனைவி.

"ஆகட்டும்!"

குழந்தையை இழந்த அந்த இன்னொருவர் வீட்டு வாசலில்தான் என் மகளை என்னிடம் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே போனார்.

படித்தவர்கள் தப்பு செய்தால் மூடி மறைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். தன் தப்பை இடுப்பில் வைத்துத் தெருவெல்லாம் காட்டியவர் அவர் ஒருவர்தான்.