ஒற்றைச் செருப்பும் பன்னிரண்டாவது விளக்கும்

மகளின் பழைய லெப்டொப் சூடேறினால் ஒரு மணம் வரும். தூசி வறுபடுகிற மணம். கருவாட்டு மணத்துக்குள் பிறந்து வளர்ந்த உனக்கு இதெல்லாம் ஒரு மணமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் போன கிழமை, பகல் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்தபோது, அந்த மணம் என்னை நேரே பாலாவிச் சந்தியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. தலவிலயிலிருந்து பஸ்ஸில் போனால்கூட அவ்வளவு கெதியாகப் போயிருக்க மாட்டேன்.

பெட்டியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் சிலாபத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இந்த லெப்டொப்புக்கு வயது போய்விட்டது, புதிய விண்டோஸ் இதை ஏற்றுக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார்களாம். எறியப் போனவளை, கூட வேலை செய்கிற ஒருத்தி தடுத்து, லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இப்போது திறந்தால் வயிறு பெருத்த ஒரு பென்குயின் வந்து நிற்கிறது. பெட்டி முன்னையைவிடச் சுறுசுறுப்பு. வயது போனதென்று ஓரமாக வைத்த ஒன்று இப்படி ஓடுவதைப் பார்க்க எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்தான்.

பேரப்பிள்ளைகளின் படம் பார்க்கத்தான் மகள் அதை என்னிடம் தந்தாள். நான் இரண்டு நாள் படம் பார்த்தேன். மூன்றாம் நாள், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, இதில் கேம் விளையாட ஏலுமா என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆருக்கம்மா கேம்?"

"எனக்குத்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி கதிரையில் ஊற்றுப்பட்டுவிட்டது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் பாலாவியில் வேலை செய்த நாட்களில் அவள் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படித்தாள். அம்மா பாலாவியில் ஒரு கடையில் வேலை செய்கிறாள் என்று தெரியும். அந்தக் கடையில் அம்மா என்ன செய்தாள் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சம்.

எனக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆளைப் பார்த்துக் கதைக்கவே பயப்படுகிறவள் நான். ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரைப்போல சிங்களமும் தமிழும் ஒரேமாதிரி வரும். அதற்காகத்தான் பாயிஸ் நானா என்னை வேலைக்கு எடுத்தார். வயதில் என்னைவிட இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் நானாதான், அண்ணன் என்கிற மாதிரி. சந்தியில் லொறிகள் நிற்கிற பக்கம் அவருடைய கடை. நான்கு கொம்பியூட்டர், ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க சீடி. உட்கார்ந்தும் விளையாடலாம், சீடியை வீட்டுக்கு இரவலும் எடுக்கலாம். சிங்கள லொறிக்காரர் கேட்பதை நானாவுக்குத் தமிழிலும், நானா சொல்வதை அவர்களுக்குச் சிங்களத்திலும் நான் சொல்வேன். இடையில் நிற்பதுதான் என் உத்தியோகம்.

அந்தச் சீடிகளெல்லாம் கொப்பி என்றும், கொப்பி அடிப்பது களவு என்றும் பிற்காலத்தில் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சுவாமியாருக்கு முதலில் சீடி என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

இரவலுக்கு நானா ஒரு சட்டம் வைத்திருந்தார். பெயர் விலாசம் எழுதினால் பொய் எழுதுகிறார்கள். அதனால் சீடி எடுப்பவர் ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும். ஒன்று மட்டும். பாலாவித் தார் ரோட்டில் மத்தியானம் ஒற்றைக் காலில் செருப்போடு போய்ப் பாருங்கள், சீடி எவ்வளவு கெதியாகத் திரும்பி வரும் என்று தெரியும். வாசலில் ஒற்றைச் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். கோயிலா பள்ளிவாசலா என்று புதிதாக வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். உப்பளத்தில் வேலை செய்கிற சிலர் கெட்டிக்காரர், வைப்பதற்கென்றே ஒரு பிய்ந்த செருப்பைப் பையில் கொண்டுவருவார்கள். நானா அதைக் கண்டுபிடித்து, காலில் போட்டு நாலடி நடந்து காட்டச் சொல்வார்.

யாராவது கேம் விளையாட இடம் பிடிக்கவேண்டுமென்றாலும் செருப்பைக் கதிரையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு அதில் வேறு யாரும் உட்கார ஏலாது. சண்டை வந்தால் நானாவின் தீர்ப்பு ஒன்றுதான். "செருப்பு இரிந்தா ஆள் இரிக்கிற மாதிரித்தான்."

அந்தக் கடைக்கு வருகிற ஒரே பெண் பரீனா. கல்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை, கலியாணம் கட்டி இரண்டு வருஷம். மாப்பிள்ளை கட்டாரில். அவர் அனுப்பிய கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு பொழுது போகாமல் சீடி எடுக்க வருவாள். கடை நிறைய ஆம்பிளைகள் என்பதால் வாசலிலேயே நிற்பாள். நானும் உள்ளே ஒரு மூலையில் நிற்பேன். கூச்சப்படுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததோடு பல மாதம் போனது. கதை தொடங்கியது ஒரு பிழையால். பிழை என்னுடையது.

தலவில அன்னம்மாளின் திருநாள் வந்தால் எங்கள் பக்கத்தில் வீட்டில் உள்ள அவ்வளவையும் கழுவுவோம். கூரைத் தடி, கதிரை, கோப்பை, சுரூபம் வைக்கும் தட்டு, ஒன்றும் மிஞ்சாது. அந்த வருஷம் திருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை நானா ஜும்மாத் தொழுகைக்குப் போனார். கடையைச் சுத்தமாக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னதைச் செய்கிறவள். சீடி முழுவதையும் வாளியில் போட்டு, சவுக்காரம் தேய்த்துக் கழுவி, கடைக்குப் பின்னால் பழைய வலையொன்றை விரித்து, மீன் காயப்போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பரப்பிவிட்டேன். மினுங்குவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. காகம்கூட வந்து பார்த்தது.

என்ன நடந்ததென்றால், சீடிகளின் முதுகில் பேனையால் எழுதியிருந்த பெயரெல்லாம் சவுக்காரத்தோடு போய்விட்டது. இருநூறுக்கு மேல் சீடி, ஒன்றிலும் ஒரு எழுத்து இல்லை. பரீனா அப்போதுதான் வந்தாள். வலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அபாயாவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"என்ன அன்ரி, சீடிக் கருவாடா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிடைத்த முதல் வேலை போகப்போகிறதென்று நினைத்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அதுதான் அவள் முதல்தடவை உள்ளே வந்தது. ஒவ்வொரு சீடியாகப் போட்டுப் பார்ப்போம், என்ன வருகிறதென்று நான் சொல்கிறேன், நீங்கள் குறியுங்கள் என்றாள். எனக்கு இங்கிலீஷ் எழுத வராதென்று சொன்னேன். அப்படியென்றால் படம் கீறுங்கள் என்றாள். நானா திரும்பி வந்து தலையில் கைவைத்தார், பிறகு அவரும் வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் எடுத்தது. கார் ஓடுகிறதுக்குக் கார் கீறினேன், பந்து அடிக்கிறதுக்கு மட்டை. சுடுகிறதுக்குத் துவக்கு கீறத் தெரியாமல் நான் கீறிய ஒன்றை எல்லோரும் அகப்பை என்றார்கள். அதற்குப் பிறகு பாலாவியில் அந்தக் கேமின் பெயரே அகப்பைதான். பெரிய மீசைக்கார டிரைவர்கள் வந்து, அகப்பை இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அப்படிப் போட்டுப் பார்த்தபோதுதான் விளக்குக் கேம் வந்தது. கடலோரத்தில் பன்னிரண்டு வெளிச்சவீடு. புயல் வரும், வள்ளங்கள் தத்தளிக்கும். ஒரு கிழவி படியேறி, வழியில் எண்ணெய் தேடி எடுத்து, ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு போகவேண்டும். யாரும் யாரையும் சுடுவதில்லை. அதனால் கடையில் ஒருவரும் அதை எடுக்கவில்லை. எங்கள் வீட்டு ஆம்பிளைகள் வள்ளத்தில் போய்த் திரும்பாத இரவுகளைத் தெரிந்தவள் நான். என் விரலால் ஒரு விளக்கு எரிந்து, ஒரு வள்ளம் கரைக்குத் திரும்பியதைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பரீனா பார்க்காத மாதிரி இருந்தாள்.

நானா ஜும்மாவுக்குப் போகிற வெள்ளிக்கிழமை மத்தியானங்களில், கடை பாதி சாத்தியிருக்கும்போது, நாங்கள் விளையாடினோம். நான் நடத்துவேன், அவள் அருகில் இருந்து பார்ப்பாள். பார்ப்பது என்றால் வாய் மூடிப் பார்ப்பதல்ல. இடப் பக்கம், அன்ரி. குதிங்க. ஐயோ, கிழவிக்கு மூட்டு வலியா. இப்படியே பதினொரு விளக்கு ஏற்றினோம். பன்னிரண்டாவதை அடுத்த வெள்ளி ஏற்றுவதென்று பேச்சு. போகும்போது அவள் சீடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"வெச்சிட்டுப் போனா நான் இல்லாம ஏத்திப் போடுவீங்க. எனக்குத் தெரியும் உங்கள."

சட்டப்படி வலது செருப்பைக் கழற்றி வைத்தாள். நீல மணி தைத்த செருப்பு. ரோட்டைக் கடந்து பஸ்ஸுக்குத் தத்தித் தத்தி ஓடியதைப் பார்த்துச் சந்தியே சிரித்தது.

அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மாப்பிள்ளை விசா அனுப்பி, மூன்று நாளில் கட்டாருக்குப் போய்விட்டாள் என்று அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். உங்கள் கூட்டாளி சீடியைச் சாப்பிட்டுவிட்டா என்று நானா பகிடி பண்ணினார். எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரு முதலாளியை எதிர்த்து நான் கதைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

"அவ வருவா. செருப்பு இருக்கு."

பிறகு செருப்புகள் குறையத் தொடங்கின. வீடுகளுக்கு இன்டர்நெட் வந்தது. எங்கோ ஒரு பெரிய கடை, கதவுமில்லாமல் சுவருமில்லாமல் கொம்பியூட்டருக்குள்ளேயே திறந்திருக்கிறதாம், கேமெல்லாம் அங்கேதான் வாங்குகிறார்களாம் என்று லொறிக்காரர்கள் சொன்னார்கள். நானா நம்பவில்லை. ஒரு நாள் வாசலில் எண்ணிப் பார்த்தேன், இரண்டே இரண்டு செருப்பு. ஒன்று நானாவுடையது. கடையை மூடி, அந்த இடத்தில் லொறி டயர் விற்கத் தொடங்கினார். கடைசி நாள் நான் நீலச் செருப்பைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். இதென்ன என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, அது ஒரு ஆள் என்று சொன்னேன்.

இதையெல்லாம் மகளிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை. லெப்டொப்பை இழுத்து அந்தப் பெரிய கடையைத் திறந்தாள். எங்கள் கடையை மூடவைத்த அதே கடை. வேறு கடைகளும் இருக்கின்றனவாம், ஆனால் எல்லோரும் வருவது இங்கேதானாம். எனக்கு உடனே விளங்கியது. எத்தனை சந்தி இருந்தாலும் பஸ் நிற்பது பாலாவியில்தானே. முழுக்கப் படங்கள். பெயர் வாசிக்கத் தேவையில்லை, என்னைப்போன்ற ஆளுக்கென்றே செய்த மாதிரி. இரண்டு மணித்தியாலம் தேடி, விளக்கோடு நிற்கிற என் கிழவியை நான்தான் கண்டுபிடித்தேன்.

மகள் முகத்தைச் சுளித்தாள். இது விண்டோஸுக்கு மட்டும்தானாம், பென்குயின் பெட்டிக்குச் சரிவராதாம். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, பொறுங்கள் என்று எதையோ வாசித்தாள். இடையில் நின்று மொழிபெயர்க்கிற ஒன்று இருக்கிறது, கேம் விண்டோஸ் பாஷையில் கேட்பதை அது லினக்ஸுக்குச் சொல்லும், அந்தப் பெரிய கடையே அதையும் வைத்திருக்கிறது என்றாள். இதை விளங்கப்படுத்த அவள் கஷ்டப்பட்டிருக்கத் தேவையில்லை. பாலாவியில் நான் செய்த வேலைதான் அது.

முதல்முறை போட்டபோது கறுப்புத் திரை. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. மகள் முன்பின் தெரியாத ஆட்கள் எழுதிவைத்த குறிப்புகளை வாசித்து, மொழிபெயர்ப்பாளரை மாற்றிப் பழைய ஆளொன்றைப் போட்டாள். பழைய ஆளுக்குப் பழைய பாஷை தெரிந்திருந்தது. அலை அசைந்தது. கிழவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு வயது போகவில்லை.

எட்டு நாள் விளையாடினேன். விரல் மூட்டு எனக்கும் வலிக்கிறது இப்போது. இடப் பக்கம் என்று சொல்ல ஆளில்லாமல் நாலு தடவை கடலில் விழுந்தேன். பதினொன்று வரை ஏற்றினேன். பிறகு பெட்டியை மூடிவைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சமையலறையில் நின்றேன். நான் இல்லாமல் ஏற்றிப் போடுவீர்கள் என்று அவள் சொன்னது காதுக்குள் நின்றது. மகள் முகநூலில் தேடினாள். கட்டாரில் மட்டும் எத்தனையோ பரீனா.

நேற்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் அலுமாரியைத் திறந்து, பேப்பரைப் பிரித்து, நீலச் செருப்பைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். நானாவின் சட்டம் இன்னும் செல்லும். பன்னிரண்டாவது விளக்கை ஏற்றினேன்.

என்ன வந்தது என்று கேளுங்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வள்ளங்கள் கரைக்கு வந்தன, பிறகு கறுப்புத் திரையில் இங்கிலீஷில் பெயர்கள், கீழிருந்து மேலே, போய்க்கொண்டே இருந்தன. இவ்வளவு வருஷம் காத்திருந்தது ஒரு பெயர்ப் பட்டியலுக்கு. நான் சிரித்துவிட்டேன். தனியாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். பரீனா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அத்தனை பெயரையும் இங்கிலீஷில் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பகிடி சொல்லியிருப்பாள்.

பின்னேரம் மகளிடம் கேட்டேன், இந்தக் கேமை யாருக்காவது இரவல் கொடுக்க ஏலுமா என்று. ஒரு குடும்பத்துக்குள் மட்டும் பகிரலாமாம்.

"அவ எங்கட குடும்பமா அம்மா?"

அந்தப் பெரிய கடையில் எல்லாம் இருக்கிறது, ஒன்றும் தீர்ந்துபோவதில்லை, ஒன்றைத் தேடி நாலு மைல் வரவும் தேவையில்லை. வாசல்தான் இல்லை. ஆள் எதையாவது கழற்றி வைத்துவிட்டு, திரும்பி வருவேன் என்று தத்தித் தத்திப் போவதற்கு ஒரு வாசல். செருப்பைத் திரும்ப அலுமாரிக்குள் வைக்கவில்லை. கதிரையிலேயே இருக்கிறது. யாரும் அதில் உட்காரவேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.