கொடியேறிய பின் உண்ட நண்டு

என் அறைத்தோழி ஜெனிற்றாவை அந்த வீட்டிலிருந்து துரத்தியவள் நான். வீட்டுக்கார அன்ரி அல்ல, நான்தான். ஒரேயொரு பொய்யால்!

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட இல்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதுதான்... என் துணிச்சல் அவ்வளவுதான்.

நான் பண்டத்தரிப்புத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. ஜெனிற்றா தீவுப் பக்கம், ஊர்காவற்றுறை; அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். பல்கலைக்கழகத்துக்குப் போய்வர வசதியென்று நல்லூரில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் எங்கள் இருவரையும் கொண்டுவந்து விட்டார்கள். முதல் மாதம் நாங்கள் கதைத்ததே குறைவு. அவள் விடிய எழும்பி முணுமுணுவென்று செபமாலை சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் லைற்றை அணைக்காமல் படிப்பேன். அவள் போர்வையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

எங்களைச் சேர்த்துவைத்தது சாப்பாடுதான். அப்பா சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோகும் வெங்காயத்திலும் கத்தரிக்காயிலும் ஒரு பங்கு எங்கள் அறைக்கு வரும். அவள் வீட்டிலிருந்து மீன் வரும். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே சட்டியில் பிசைந்து சாப்பிடப் பழகினோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது விரிவுரைக்குப் போகாமல் பக்கத்திலிருந்து கஞ்சி பருக்கியவள் அவள். எனக்குக் கூடப்பிறந்த சகோதரி இல்லை. அந்தக் குறை அந்த அறையில் தீர்ந்துபோயிற்று.

அன்ரி நல்லவர். எங்கள் அறையில் என்ன சமைத்தாலும் கேட்கமாட்டார். ஒரேயொரு கட்டுப்பாடு: நல்லூர்க் கோயிலில் கொடியேறிவிட்டால் திருவிழா முடியும்வரை மீன், முட்டை, இறைச்சி என்று ஒரு மச்சமும் வீட்டு வளவுக்குள் வரக்கூடாது. கொடியேற்றத்துக்கு முன்பே ஜெனிற்றா சட்டிகளையெல்லாம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். கருவாட்டுப் பொதியை ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவந்தாள். அவளும் என்னோடு மரக்கறியே சாப்பிட்டாள். நாக்கு அடங்காமல் போனது திருநீறு பூசிய எனக்குத்தான்!

அந்தச் சனிக்கிழமை அவள் ஊருக்குப் புறப்பட்டபோது, "வரேக்கை அம்மான்ரை நண்டுக்கறி கொஞ்சம் கொண்டுவாரும்" என்றேன்.

"உமக்கென்ன விசரே? கொடியேறிட்டுதெல்லே."

"அன்ரி பின்னேரம் கோயிலுக்குப் போயிடுவா. உதை ஆர் காணப்போயினம்?"

"வேண்டாமப்பா. அவ எங்களை நம்பி விட்டிருக்கிறா."

நான் விட்டேனா? கெஞ்சினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் கொண்டுவந்தாள்... ஆனால் ஒரு வாய்கூடத் தொடவில்லை. இந்த வீட்டில் இப்போது தான் சாப்பிடுவது சரியில்லை என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக ஓடுகளை உடைத்துச் சதையை எடுத்துத் தந்தாள். கோதுகளைப் பையில் கட்டி வைக்கும்படியும், காலையில் வெளியே கொண்டுபோய்ப் போடுவதாகவும் சொன்னாள். அறை நாறுமே என்று அவற்றை வாழை மரங்களுக்குப் பின்னால் வீசியதும் நான்தான்.

மறுநாள் ஒரு காகம் நண்டுக்காலொன்றைக் கிணற்றுக்கட்டில் போட்டுவிட்டுப் போனது. சுவாமி அறைக்குத் தண்ணீர் அள்ள வந்த அன்ரி அதைக் கண்டார்.

எங்கள் அறை வாசலுக்கு வந்தவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நேரே ஜெனிற்றாவைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, நான் உமக்கு என்ன குறை வைச்சனான்?"

அவள் வாய் திறக்குமுன் அன்ரி என்னிடம் திரும்பினார். "நீராவது சொல்லியிருக்கக் கூடாதே?"

அப்போது நான் சொன்னேன்: "நான் சொன்னனான் அன்ரி. அவ கேக்கேல்லை."

ஜெனிற்றா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவோ நல்லது... நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அன்ரி, நான்தான் கொண்டந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. கவனித்தீர்களா? அந்த அறையில் பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

ஏன் சொன்னேன்? அப்பாவுக்குத் தெரியவந்துவிடும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்று உண்டு. என்னை நம்புவார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது! என் நெற்றியில் திருநீறு, அவள் கழுத்தில் சிலுவை. அவள் கடற்கரைப் பிள்ளை. அன்ரி முடிவெடுத்துக்கொண்டுதான் வாசலுக்கே வந்திருந்தார். அந்த முடிவு எனக்கு வசதியாக இருந்தது.

அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார் அன்ரி. அன்றே அவள் புறப்பட்டாள். பையைத் தூக்கப் போன என் கையை விலக்கி, "நீர் உள்ளை போம். அன்ரி கண்டால் உமக்கும் பேச்சு விழும்" என்றாள். அப்போதும் என்னைப் பற்றித்தான் யோசித்தாள்... நான் உள்ளே போனேன்.

அதன்பிறகு அவள் தீவிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். காலை விரிவுரைக்குப் பிந்துவாள். பின்னேரச் செய்முறை வகுப்பிலிருந்து பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்து ஓடுவாள். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்களில் அவள் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி அவள்.

நான் படித்து முடியும்வரை அதே அறையில் இருந்தேன். சிலுவை போட்ட வேதக்காரப் பிள்ளைகளுக்கு இனி இந்த வீட்டில் இடமில்லை என்று அன்ரி சொன்னதைக் கேட்டுக்கொண்டே அவர் தந்த பொங்கலைச் சாப்பிட்டேன்.

இந்த ஆண்டு ஜெனிற்றா தொலைபேசியில் அழைத்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு! தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறாளாம்.

"அக்கான்ரை மகளுக்குக் கம்பஸிலை இடம் கிடைச்சிருக்கு. அந்த அன்ரி இப்பவும் பிள்ளையளை வைச்சிருக்கிறாவோ? நீர் ஒருக்காக் கேட்டுப் பாக்கமாட்டீரே?"

பின்பக்க அறை காலியாக இருப்பது எனக்குத் தெரியும். அன்ரியிடம் போய் உண்மையைச் சொன்னால் அது திறக்கும் என்பதும் தெரியும். ஜெனிற்றாவுக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் என்னைக் கேட்டாளோ?

"இப்ப அவ ஒருத்தரையும் வைச்சிருக்கேல்லையாம்" என்றேன்.



"சரியப்பா, பரவாயில்லை. நீர் சுகமா இருக்கிறீர்தானே?"

"ஓம்" என்றேன்.

போன கிழமையும் அன்ரியைப் பார்த்துவிட்டு வந்தேன். தேத்தண்ணி தந்தார், குடித்தேன். பின்பக்க அறை பூட்டிக் கிடக்கிறது. ஜெனிற்றாவின் அக்கா மகளும் இப்போது தீவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறாள். நான் இன்னும் சொல்லவில்லை...